அப்பாவின் மறதியும் 420 வெள்ளி டப்பாவும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஒரு மகள் டாக்டரான எனக்கு எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 72 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு கடைசிப் பன்னிரண்டு வருஷம் எண்ணெய் ஆலையில் வேலை. தோட்டம் கைமாறி லயம் காலியானதும் மகள் குடும்பத்தோடு தாமான் வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி இறந்து மூன்று வருஷம். அன்றிலிருந்து சுத்த சைவம். ஒரு வருஷமாக மறதி. சொன்னதையே சொல்கிறார், அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறார். கடந்த ஆறேழு வாரமாக ரொம்ப மோசம். ரொட்டி வாங்க மோட்டாரில் போனவர், நாலு சாலை தள்ளி வேறு யாருடைய கேட்டையோ திறக்க முயன்றுகொண்டிருந்தாராம்.

நீரிழிவுக்கு 14 வருஷமாக மெட்ஃபார்மின், இதயத் துடிப்பு சீராக இல்லாததால் வார்ஃபரின், ராத்திரி அரிப்புக்கு ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை சாப்பிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா நேரடி விற்பனையில் இருப்பவர். "மாமாவுக்கு மூளையில ரசாயனம் வத்திப் போச்சு, அதை நிரப்பணும்" என்று சொல்லி மாதம் 420 வெள்ளிக்கு ஒரு டப்பா கொடுக்கிறார். மூன்று டப்பா முடிந்துவிட்டது. இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் இது முழுசாக வேலை செய்யும் என்றும் சொல்கிறாராம். மகளின் கேள்விகள் மூன்று: டப்பாவைத் தொடரலாமா, மற்ற மருந்துகளை நிறுத்தலாமா, ஐந்தாம் படிவத்தில் இருக்கும் பையனுக்கும் அதையே கொடுக்கலாமா?

சகோதரி, இந்த மூன்றையும் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். கடிதத்தின் நாலாவது பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "தீபாவளிக்கு முந்தின வாரம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் முட்டை மாதிரி வீங்கியது, தைலம் தேய்த்தோம், வற்றிவிட்டது." அதற்குக் கொஞ்சம் கீழே, இப்போதெல்லாம் கையை லேசாக இடித்துக்கொண்டாலே கருநீலமாகக் கன்றிப் போகிறது என்றும் இருக்கிறது. இந்த இரண்டு வரியைப் படித்த பிறகு எனக்கு டப்பா மறந்துவிட்டது.

வயதானால் மூளை லேசாகச் சுருங்கும். மண்டையோட்டுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று அடிபட்டு அறுந்தால், சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. வீக்கம் வற்றும், ஆள் சாப்பிடுவார், பேசுவார். சில வாரம் கழித்துத்தான் குழப்பம், தள்ளாட்டம், தலைவலி, பகலெல்லாம் தூக்கம், சிலருக்கு ஒரு பக்கக் கை கால் தளர்வு என்று வெளியே வரும். வீட்டில் எல்லோரும் "வயசாயிடுச்சு" என்பார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு சிடி ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். இருந்தால் மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு வடித்துவிடலாம். பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

இந்தப் பதில் வெளியாகும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால், கடிதம் படித்த அன்றே உங்கள் எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். அன்று மாலையே ஈப்போவுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னீர்கள். மற்றவர்களும் படிக்கிறார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்: வார்ஃபரின் சாப்பிடுகிறவர் தலையில் அடிபட விழுந்தால், வீங்கினாலும் வீங்காவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தைலமெல்லாம் அப்புறம்.

ஸ்கேனில் என்ன வந்திருந்தாலும் கீழே எழுதுவது உங்களுக்குத் தேவைப்படும். ஏனென்றால் மறதி அந்த விழுகைக்கு முன்பே தொடங்கிவிட்டது.

டப்பாவில் என்ன இருக்கிறது

லேபிளைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. ஜின்கோ மரத்து இலைச்சாறு, பாஸ்பாடிடைல்செரின், ஹூபர்சைன், பிரம்மி, கொஞ்சம் பி12.

முதலில் அந்த "ரசாயனம் வத்திப் போச்சு" கதை. அதில் முழுப் பொய் இல்லை. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேச அசெட்டில்கோலின் போன்ற ரசாயனங்கள் வேண்டும். அல்சைமர் நோயில் அசெட்டில்கோலின் குறைகிறது என்பதும் உண்மை. ஆனால் மோட்டாருக்குக் கறுப்பெண்ணெய் ஊற்றுகிற மாதிரி வாய் வழியாக ஊற்றி நிரப்ப முடியாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு காவல் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய கிராணி மாதிரி, கண்டதையும் உள்ளே விடாது. அப்புறம், அங்கே குறைவது ரசாயனம் மட்டுமில்லை, அதைச் செய்கிற அணுக்களே அழிகின்றன. மரமே பட்டுப்போன நிரையில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை மாற்றிக் கட்டினால் பால் வருமா?

ஜின்கோ பற்றிப் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரில் பாதிப் பேருக்கு ஜின்கோ 120 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. சுமார் ஆறு வருஷம் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது: மறதி நோய் வருவதை ஜின்கோ தடுக்கவில்லை. உங்கள் அப்பாவின் விஷயத்தில் இது பயன் இல்லை என்பதோடு நிற்காது. வார்ஃபரினோடு ஜின்கோ சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடலாம். கையில் கன்றிப்போவது எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கடிதப்படியே இரண்டாவது டப்பாவுக்குப் பிறகு. அதனால் டப்பாவை இன்றே நிறுத்துங்கள். வார்ஃபரின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். டப்பா சாப்பிட்டதையும் இப்போது நிறுத்தியதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் அளவை மாற்றுவார்கள்.

பாஸ்பாடிடைல்செரின் ஒரு வகைக் கொழுப்புப் பொருள், இப்போது பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுக்கப்படுகிறது. 2003இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இது மறதி நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று லேபிளில் எழுத அனுமதி கொடுத்தது. கூடவே, ஆதாரம் மிகக் குறைவு, ஆரம்ப நிலையில் உள்ளது என்றும் எழுத வேண்டும் என்று நிபந்தனை போட்டது. விற்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் வாசிக்கிறார்கள்.

ஹூபர்சைன் கொஞ்சம் வில்லங்கமானது. அல்சைமருக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் டோனெப்சில் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது: அசெட்டில்கோலினை உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. டோனெப்சில் தரும்போது நாடித்துடிப்பைப் பார்த்து, அளவைப் படிப்படியாக ஏற்றுவோம், ஏனென்றால் அது இதயத் துடிப்பைக் குறைக்கும். ஏற்கெனவே துடிப்பில் கோளாறு உள்ளவருக்கு அதே வேலையைச் செய்யும் சரக்கைக் கேட்பாரில்லாமல் கொடுப்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு ஒரு டாக்டர் டோனெப்சில் எழுதிக் கொடுத்தால் ஒரே மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிட்ட கதையாகிவிடும்.

பிரம்மியைப் பற்றி அக்கா "நம்ம வல்லாரைதான்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். லேபிளில் பாகோபா என்று போட்டிருக்கிறது. அது நீர்ப்பிரம்மி, வேறு செடி. வல்லாரை என்பது சந்தையில் மலாய்க்கார மக்சிக் கட்டுக் கட்டாக வைத்து விற்கிறார்களே, அந்தப் பெகாகா. வடநாட்டில் இரண்டையும் பிரம்மி என்று சொல்வதால் வந்த குழப்பம் இது. நீர்ப்பிரம்மியால் நினைவாற்றல் கொஞ்சம் கூடியதாகச் சில சிறிய ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மறதி நோயைத் தீர்த்ததாக இல்லை. வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். அதை மருந்தாக எண்ண வேண்டாம்.

டப்பாவில் மால் எண் இருக்கிறது, அரசாங்கமே ஒத்துக்கொண்டது என்கிறீர்கள். மால் என்று தொடங்கும் அந்தப் பதிவு எண் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாத சரக்கைத் தொடவே கூடாது, உள்ளே யாரும் சொல்லாத ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்ட சரக்குகள் உண்டு. ஆனால் இலக்கங்களுக்கு அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள். என் (N) என்றால் சத்துப்பொருள், டி (T) என்றால் பாரம்பரிய மருந்து. இந்த வகைக்குப் பதிவு கொடுக்கும்போது பார்ப்பது பாதுகாப்பையும் தரத்தையும். நோயைத் தீர்க்கும் என்பதற்கான சான்றிதழ் அது இல்லை. உங்கள் அப்பாவின் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகும் என்பதற்கும் இல்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை. என் அம்மாவுக்கு மறதி வந்தபோது, இதெல்லாம் படித்த நானே ஒரு டப்பா ஜின்கோ வாங்கி வந்தேன். கையில் எதுவும் இல்லாமல் அம்மா முன்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவின் மாத்திரைப் பை

மூளைக்கு என்ன சேர்க்கலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், எது அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கான தடயம் உங்கள் வீட்டிலேயே, அந்த மாத்திரைப் பையிலேயே இருக்கிறது.

மஞ்சள் மாத்திரையை எடுங்கள். குளோர்பெனிரமின். எப்போதோ கிளினிக்கில் கொடுத்தது, பிறகு மருந்துக் கடையில் வாங்கி ஐந்து வருஷமாக ஓடுகிறது என்கிறீர்கள். அரிப்பை அடக்கும், தூக்கமும் வரும். அத்தோடு அது மூளையில் அசெட்டில்கோலினின் வேலையைத் தடுக்கும். ராத்திரி போட்டது மறுநாள்வரை உடம்பில் தங்கும். வயதானவர்களுக்குக் குழப்பம், வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் கட்டுவது எல்லாம் இதனால் வரலாம். ஆக, மாதம் 420 வெள்ளி கொடுத்து எந்த ரசாயனத்தைக் கூட்டப் பார்த்தீர்களோ, அதே ரசாயனத்தைச் சில காசு மாத்திரை ஒன்று ராத்திரிதோறும் அடைத்துக்கொண்டிருந்தது. இதைத் தவிர்க்க முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். நீரிழிவுக்காரர்களுக்குத் தோல் வறண்டே பாதி அரிப்பு வரும்; குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ ஈரப்பதக் களிம்போ தடவிப் பார்க்கலாம். மாத்திரை வேண்டியே இருந்தால் மூளையை அவ்வளவாக மந்தமாக்காத வகைகள் உண்டு.

அடுத்தது மெட்ஃபார்மின். நல்ல மருந்து, ஆனால் நீண்ட காலம் சாப்பிட்டால் உடம்பு பி12 சத்தை உறிஞ்சுவது குறையலாம். 2022இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை அடிக்கடி காணும் பக்கவிளைவு என்றே அறிவித்து, அறிகுறி உள்ளவர்களுக்குச் சோதிக்கச் சொன்னது. உங்கள் அப்பாவுக்கு 14 வருஷம் ஆகிறது. மேலே மூன்று வருஷம் சைவம். பி12 மீன், இறைச்சி, முட்டை, பாலில் கிடைப்பது, காய்கறியில் கிடையாது. அவர் பாலும் குடிப்பதில்லை, பால் சேர்க்காத தே ஓதான். அதற்கு மேல் வயது. "பஞ்சில் நடக்கிற மாதிரி இருக்கு" என்று அவர் சொல்வதை நீங்கள் நீரிழிவுக் கணக்கில் எழுதிவிட்டீர்கள். இருக்கலாம். ஆனால் பி12 குறைந்தாலும் பாதம் அப்படித்தான் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மனம் சோர்ந்துபோகும், மறதியும் வரும். ரத்தத்தில் பார்த்துவிடலாம். குறைவு என்று தெரிந்தால் ஊசியோ மாத்திரையோ போதும், சைவத்தை விடச் சொல்ல மாட்டேன். டப்பாவிலும் கொஞ்சம் பி12 இருப்பதால் சோதனை முடிவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த டப்பாவில் உங்கள் அப்பாவுக்கு உதவியிருக்கக்கூடிய ஒரே பொருள் அதுதான். தனியாக வாங்கினால் மலிவு.

பையில் இல்லாத இரண்டு விஷயமும் உண்டு. எண்ணெய் ஆலையில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவருக்குக் காது மந்தமாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டிவியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே. பாதி காதில் விழாதவரை "சொன்னது மறந்துபோச்சு" என்கிறோம். 2024இல் லான்செட் ஆணையம் சரிசெய்தால் மறதி நோயைத் தள்ளிப்போட உதவக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. காது கேளாமை அதில் முக்கியமான ஒன்று. நீரிழிவு, ரத்த அழுத்தம், தனிமை, மனச்சோர்வும் அதில் உண்டு. முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பிறகு காது சோதனை.

இன்னொன்று உங்கள் அம்மா. மூன்று வருஷத்தில் மனைவியும் போய், லயமும் போய், சாயங்காலம் கோயிலடியில் உட்கார்ந்து பேசின கூட்டாளிகளும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். முதுமையில் மனச்சோர்வு அழுகையாக வருவது குறைவு. மறதியாகவும் பேச்சுக் குறைவாகவும் வரும். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் முன்பு சம்சு குடித்தவர் என்றால் வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள், பி1 சத்து குறைந்தாலும் நினைவு கெடும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும், இது அல்சைமர்தான் என்று வரலாம். நான் உறுதி எதுவும் தர முடியாது. அப்போதும் டோனெப்சில் போன்ற மருந்துகள் சிலருக்குச் சில காலம் கைகொடுக்கும்.

மற்ற மருந்துகளை நிறுத்தினால்

கூடாது. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்ற பயம் நம் வீடுகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. கிட்னியைக் கெடுப்பது கட்டுக்குள் வராத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். கிட்னி ஏற்கெனவே பலவீனமானால் மெட்ஃபார்மின் அளவைக் குறைப்போம், அதைப் பார்த்து மருந்துதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வார்ஃபரினைத் தன் இஷ்டத்துக்கு நிறுத்தினால் இதயத்தில் ரத்தக் கட்டி உருவாகி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். ஈப்போவில் ஸ்கேன் பார்த்துவிட்டு அவர்களே நிறுத்தச் சொன்னால் அது வேறு விஷயம்.

1,260 வெள்ளியும் பக்கத்து வீட்டு அக்காவும்

நான் வழக்கறிஞன் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டப்படி, வீட்டுக்கு வந்து விற்ற பொருளின் ஒப்பந்தத்தை 10 வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம். உங்கள் மூன்று டப்பாவுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. நாலாவதை வாங்கி வைத்திருந்தால் பிரிக்காதீர்கள். பொய் சொல்லி விற்றார்கள் என்று போராட நினைத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. நீரிழிவு மாதிரி நோயைத் தீர்க்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது.

ஆனால் நீங்கள் அந்த அக்காவோடு ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்கிறவர். அம்மா சாவுக்குப் பதினாறு நாளும் சமைத்துப் போட்டவர் அவர்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு மேலே ஒருவர் சொன்னதை அவரும் நம்பித்தான் விற்றிருப்பார். "வார்ஃபரினோடு ஆகாதுன்னு டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு அக்கா" என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். அவருடைய மற்ற வாடிக்கையாளர்களில் ரத்தம் நீர்க்கும் மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால் இந்தப் பேச்சு அவர்களுக்கும் போய்ச் சேரும்.

பையனுக்கு

வேண்டாம். ஹூபர்சைன் உள்ள சரக்கை 17 வயதுப் பையனுக்கு எஸ்பிஎம் தேர்வுக்காகக் கொடுக்க எந்த நியாயமும் இல்லை. ராத்திரி ஒன்றரை மணிவரை கைப்பேசி, காலையில் வெறும் வயிற்றோடு பள்ளி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைச் சரிசெய்யக் காசு தேவையில்லை, சண்டை போடத்தான் தெம்பு வேண்டும். முகம் வெளிறி, சீக்கிரம் களைத்துப்போகிறான் என்றால் ரத்தசோகை இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

அப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும் அன்று மருந்து, டப்பா, தைலம், நாட்டு மருந்து என்று வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரே பையில் அள்ளிக்கொண்டு போங்கள். பட்டியல் எழுத வேண்டாம், எழுதும்போது பாதி விட்டுப்போகும். டாக்டர் கேட்பதற்கு நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் அப்பாவைப் பேச விடுங்கள். அவர் தடுமாறுவதை டாக்டர் பார்ப்பதும் சோதனைதான். சோதனைகள் முடியும்வரை மோட்டார் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள். டயர் பஞ்சர், பையன் கொண்டுபோயிருக்கிறான், என்ன சொன்னாலும் பரவாயில்லை.

கடைசியாக அந்த கேட் விஷயம். விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு போய், நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடுவே தன் நிரையைத் தவறாமல் பிடித்த மனிதர் அவர். மரத்துக்கு மரம் அடையாளம் தெரியும். தாமானில் ஒரே மாதிரி நாற்பது வீடு, ஒரே மாதிரி சாம்பல் நிற கேட். யாருக்குத்தான் குழம்பாது? பி12 முடிவு வந்ததும் எண்ணை மட்டும் எனக்கு அனுப்புங்கள். கேட்டுக்குச் சாயம் அடிக்க அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே அடித்துவிடுங்கள். எந்த நிறம் என்று அவரையே கேளுங்கள்.